புளியில் ஊறிய புனிதர்கள்

கெல்சென்கிர்ச்சன்,
கார்த்திகை (நவம்பர்) 14, வெள்ளிக்கிழமை.

பெருமதிப்புக்குரிய அருட்சகோதரி றீற்றா அவர்களுக்கு, அதாவது என் அக்காவுக்கு,

ஆண்டவரின் சமாதானம் உங்களோடும், உங்கள் மடத்தாரோடும், மாதக்கணக்காகப் பழுதாகிக் கிடக்கும் உங்கள் தண்ணீர் மோட்டரோடும் இருப்பதாக. நான் சுகம். என் வலது முழங்கால் சுகமில்லை; அது என் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிட்டபடியால் அதை என் கணக்கில் சேர்க்கவில்லை. உங்கள் சென்ற கடிதம் கிடைத்தது. திகதி போட மறந்துவிட்டீர்கள். நம்முடைய பழைய மதர் உயிரோடு இருந்திருந்தால், வயது எண்பதை நெருங்கியவர் என்றும் பாராமல் உங்களை வகுப்புக்கு வெளியே நிற்க விட்டிருப்பார். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கண்ணில் பட்டது, எழுதினேன்.

இந்தக் கடிதத்தை நான் அவசரமாக எழுதுவதற்குக் காரணம் சுபானி. எங்கள் தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவை நடத்துகிறவள் அவள். பாட்டு உயரும் இடமெல்லாம் அவளுடைய சுருதி இறங்கும். அதை நான் ஒரு தரம், நல்ல மனதோடு, எல்லார் முன்னிலையிலும் சுட்டிக்காட்டினேன். அன்றிலிருந்து அவள் கையிலுள்ள தொலைபேசி என் பக்கம் திரும்பியபடியே இருக்கிறது. அவளுடைய பெரியம்மா உங்கள் நல்லூர் மடத்துச் சிற்றாலயத்துக்குப் பூசைக்கு வருகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே, "ஜசிந்தா அன்ரி அர்ச்சிஷ்டவர்களைப் புளியிலை ஊறப்போட்டு, ஒராளுக்குத் தாடியையும் வழிச்சுப்போட்டா" என்ற செய்தி இந்தக் கடிதத்துக்கு முன்பே உங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கும். அது பொய். ஊறப்போட்டது உண்மை. தாடி குறைந்ததும் ஓரளவுக்கு உண்மை. ஆனால் அவள் சொல்லும் தொனி இருக்கிறதே, அது முழுப் பொய்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். என் கணவர் இறந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. அவர் சைவராகப் பிறந்து, என்னைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் பெற்று, கடைசிவரை வெள்ளிக்கிழமைகளில் திருநீறும் ஞாயிற்றுக்கிழமைகளில் தீர்த்தமுமாக இரண்டு பக்கத்துக்கும் நல்லவராக வாழ்ந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் பழங்காசு சேர்த்ததும் தெரியும். எந்தக் காசு என்பது தெரியாது, ஏனென்றால் உங்களுக்குச் சொன்னால் நீங்கள் தவறாக எடுத்துக்கொள்வீர்கள் என்று நான் மறைத்து வைத்திருந்தேன். அக்கா, மடங்கள் அடித்த காசு. பகிடி இல்லை. ஏறத்தாழ எண்ணூறு, தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன் பிரான்சில் சிற்றரசர்களுக்கு இருந்தது போலவே சில துறவி மடங்களுக்கும் சொந்தமாகக் காசு அடிக்கும் உரிமை இருந்ததாம். லிமோஜ் என்ற ஊரில் அர்ச்சிஷ்ட மார்சியாலின் மடம் காசு அடித்தது. அதில் அந்த அர்ச்சிஷ்டவரே தாடியோடு நேராக நம்மைப் பார்ப்பார். தூர் என்ற ஊரில் அர்ச்சிஷ்ட மார்ட்டினின் மடம் அடித்தது. தன் போர்வையை வாளால் வெட்டிப் பிச்சைக்காரனுக்குப் பாதி கொடுத்தாரே, அதே மார்ட்டின்தான். அவர் பாதிப் போர்வையோடு குளிரில் நின்றார், அவர் பெயரில் இவர்கள் காசு அடித்தார்கள். குளுனி என்ற பெயரில் ஒரு கன்னியர் சபை இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஊரில் இருந்த பழைய மடமும் அடித்தது, அதில் மோட்சக் கதவைத் திறக்கும் இராயப்பரின் திறப்பு இருக்கிறது. வறுமை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் எப்படி இதைச் செய்தார்கள் என்று நான் அவரிடம் கேட்டேன். "அவையள் செலவழிக்கேல்லை ஜசி, அடிச்சவை மட்டும்தான்" என்றார். இந்தச் செய்தியை உங்கள் மதருக்குச் சொல்ல வேண்டாம். மோட்டர் திருத்துவதற்கு அவருக்கு ஒரு யோசனை வந்துவிடும்.

இந்தப் பழக்கம் அவருக்கு லூர்து யாத்திரையில்தான் தொற்றியது. எங்கள் பேருந்து லிமோஜில் சாப்பாட்டுக்கு நின்றது. ஒரு பெரிய மெழுகுதிரி வாங்கி வாருங்கோ என்று நான் காசு கொடுத்து அனுப்பினேன். குடையைத் தலைகீழாக விரித்து அதற்குள் பழஞ்சாமான் பரப்பி வைத்திருந்த ஒரு மீசைக்காரரிடம், மெழுகுதிரிக் காசைக் கொடுத்து, ஒரு கறுத்த காசோடு திரும்பி வந்தார். நான் பேருந்துக்குள் வைத்து ஏசினேன். முழுப் பேருந்தும் செபமாலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. அவர் அந்தக் காசைச் சட்டையில் துடைத்து, "இந்தத் தாடியைப் பாரும், அச்சு அசல் என்ரை சின்ன மாமா. சாமிமார் அடிச்ச காசு ஆரையும் ஏமாத்தாது" என்றார். அந்த முதற் காசை அவர் ஒருவரிடமும் காட்டியதில்லை. செபமாலைப் பைக்குள் போட்டு வைத்து, பிரசங்கம் நீளும்போதெல்லாம் பெருவிரலால் உருட்டிக்கொண்டிருப்பார். செபமாலை புதிதாகவே இருந்தது, காசு மட்டும் தேய்ந்தது. மற்றவை எல்லாம் பின்னர் தபாலில் வந்தவை. இன்னொரு தாடிக்காரர், மார்ட்டின்மார் சிலர், திறப்புப் போட்ட குளுனிக் காசு என்று ஒரு சிறு தட்டு நிறைய இருந்தன. எல்லாம் ஒரே கறுப்பு. ஒரு நல்ல வீட்டில் இருக்கக்கூடாத கறுப்பு.

அவர் இந்த ஊர்ப் பழங்காசுச் சங்கத்தில் இருந்த ஒரே தமிழர். சங்கத் தலைவர் ஹெர் பிறிங்மான், ஓய்வு பெற்ற வரி அதிகாரி, மெல்லிய மனிதர், ஐந்து நிமிடம் முந்தி வந்து படியில் நின்று சரியான நேரத்துக்கு மணி அடிப்பவர். போன மாதம் டெர்மின், அதாவது முன்கூட்டியே நேரம், குறித்துக்கொண்டு வந்தார். சங்க் மார்ட்டின், அதாவது அதே அர்ச்சிஷ்ட மார்ட்டினின், திருநாளில், பிள்ளைகளின் விளக்கு ஊர்வலம் வந்து முடியும் பங்கு மண்டபத்தில், மார்ட்டின் பெயர் போட்ட காசுகளை நடுவில் வைத்து என் கணவரின் நினைவாக ஒரு சிறு கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னார். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அவர் பெயரை முழுதாக எழுத வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து வேலையிடத்திலும், வைத்தியரிடத்திலும், மரண அறிவித்தலைப் போட்ட பத்திரிகையிலும்கூட அவரை "ஹெர் நித்தி" என்று வெட்டிப்போட்டார்கள். மார்ட்டினின் போர்வையிலாவது பாதி மிஞ்சியது; இவர் பெயரில் பாதிகூட மிஞ்சவில்லை. பிறிங்மான் மேசையில் குனிந்து "நித்தியானந்தன்" என்று எழுதினார், நான் சரி பார்த்தேன், திருப்பி எழுதச் சொன்னேன், எழுதினார். மற்ற அட்டைகளைவிட நீளமான அட்டை வேண்டும் என்றார். வாங்குங்கள் என்றேன்.

இப்போது நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டிய இடம். நான் அவருக்குக் கோப்பியும் மீன் பற்றீஸும் வைத்தேன். அவர், "வேண்டாம், சிரமப்பட வேண்டாம்" என்றார். நான் தட்டில் வைத்தேன், சாப்பிட்டார். இரண்டாவதையும் வேண்டாம் என்றார், சாப்பிட்டார். மூன்றாவதற்குக் கையால் தட்டை மூடினார். விரல்களுக்கு நடுவால் வைத்தேன், அதையும் சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் வெள்ளைக் கையுறை போட்டுக் காசுத் தட்டைப் பார்த்தார். பார்த்துக் கண் கலங்கி, "மிக அழகு. தயவுசெய்து சிரமப்பட வேண்டாம். அப்படியே இருக்கட்டும்" என்றார். அதே முகம், அதே குரல், அதே "வேண்டாம்". அக்கா, நீங்களே சொல்லுங்கள். ஒரு விருந்தாளி பற்றீஸுக்கு வேண்டாம் என்று சொல்லி மூன்று சாப்பிட்டுவிட்டு, அதே வாயால் காசுக்கும் சிரமப்பட வேண்டாம் என்று சொன்னால், ஒழுங்காக வளர்க்கப்பட்ட ஒரு பெண் என்ன விளங்கிக்கொள்வாள்? அந்த மனிதருக்கு இந்தக் கறுப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் பண்பு காரணமாகச் சொல்லமாட்டாமல் நிற்கிறார் என்றுதான் விளங்கிக்கொள்வாள். நானும் அப்படியே விளங்கிக்கொண்டேன். ஹனோவரிலிருந்து அனுஜனும் தொலைபேசியில், "அம்மா, தயவுசெய்து ஒண்டையும் தொடாதேங்கோ" என்றான். ஆனால் அந்தப் பிள்ளை ஹீற்றருக்கும் அதையேதான் சொல்கிறான், இன்டர்நெட் பெட்டிக்கும் அதையேதான் சொல்கிறான். அவன் பேச்சைக் கேட்டு நடந்திருந்தால் நான் இந்த வீட்டில் யன்னலைக்கூடத் திறந்திருக்க மாட்டேன்.

மற்றது, கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய முழுப் பெயர் நீள அட்டையில் நிற்க, அதற்குக் கீழே அடுப்புக்கரி போலக் காசு கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? அந்த மனிதர் போன பிறகு அந்த வீட்டுப் பெண் தூசி தட்டுவதில்லை என்பார்கள். சுபானி சொல்ல மாட்டாள், படமே எடுத்து அனுப்புவாள். ஆகவே பழப்புளியைச் சுடுதண்ணீரில் கரைத்து, எனாமல் கோப்பைக்குள் விட்டு, காசுகளை ஊறப்போட்டேன். இந்த முறையை எனக்குச் சொல்லித் தந்தது யார்? பீடத்து மெழுகுதிரித் தண்டுகளைச் சனிக்கிழமைகளில் புளி போட்டுத் தேய்க்கும்போது, "முகம் தெரிய வேணும் ஜசிந்தா, முகம் தெரிய வேணும்" என்று என் பின்னால் நின்றது யார்? யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் சரியாகப் பார்த்தால் இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. சாம்பல் இங்கே கிடைக்காதபடியால் பற்பசை போட்டேன். பல் விளக்கும் பிறஷ் புதிது. அர்ச்சிஷ்டவர்களுக்குப் பழைய பிறஷ் பாவிக்க எனக்கு மனம் வரவில்லை. கறுப்பு ஆடையாடையாகக் கழன்றது. உள்ளே ஒரு ரோசா கலந்த வெள்ளி. மார்ட்டினின் பெயர் எழுத்து எழுத்தாக வாசிக்கும்படி வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் பாட்டு வந்தது. தாடிக்காரரில்தான் கொஞ்சம் அதிகமாக உற்சாகப்பட்டுவிட்டேன். அவருடைய தாடிக்குள் அழுக்கு இருந்தது. அழுக்கைத் தேடிப் போனேன். அழுக்கு முடிந்த இடத்தில் தாடியும் முடிந்திருந்தது. யாரோ கோவிலுக்குப் போகமுன் சவரம் செய்து அனுப்பியது போல, இளமையாக, சற்றுத் திகைப்போடு என்னைப் பார்த்தார். அசிங்கமில்லை. வயதில் பத்துக் குறைந்தது, அவ்வளவுதான். செபமாலைப் பைக்குள் இருந்த முதற் காசை நான் கழுவவில்லை. புளி முடிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மண்டபத்துக்குக் காசுகளை நானே கொண்டு போய், மூடிய பெட்டியில் சங்கத்தாரிடம் கொடுத்தேன். பிறிங்மான் வாசலில் ஆட்களை வரவேற்றுக்கொண்டு நின்றபடியால் வேறு ஒருவர்தான் அடுக்கினார். பிள்ளைகள் விளக்குகளோடு வந்து சேர்ந்தார்கள். குதிரையில் வந்த மார்ட்டினுக்கு மண்டபத்துக்குள் வர அனுமதி இல்லாதபடியால், அவர் வெளியே வாகனத் தரிப்பிடத்தில் மழைக்குள் நின்றார். உள்ளே வேறொரு ஊர் அருங்காட்சியகத்திலிருந்து வந்த டொக்டர் ஃபோகல் என்ற அம்மா, கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்க, பெட்டி பெட்டியாகப் பார்த்து வந்தார். பழங்காசில் அவர் சொன்னால் அதுதான் முடிவாம். என் கணவரின் பெட்டியடிக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். நான் அருகில் போய், பாராட்டை ஏற்றுக்கொள்ளத் தகுந்த மாதிரிச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றேன். சுபானியும் வந்தாள். தொலைபேசியும் வந்தது.

டொக்டர் ஃபோகல் பிறிங்மானைக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், ஆனால் ஆசிரியைமாரின் தாழ்ந்த குரலில், அதாவது மண்டபம் முழுவதற்கும் கேட்கும்படி, "இவை புதிதாகச் செய்தவை. இப்படிப் பளபளக்கிற பழங்காசு உலகத்தில் இல்லை" என்றார். பிறிங்மான் எட்டிப் பார்த்தார். பார்த்த மனிதர் பின்பக்கமாக நடந்து போய், ஒரு சிறு பிள்ளை தன் காகித விளக்கை வைத்திருந்த கதிரையில் விளக்கோடு சேர்த்து உட்கார்ந்துவிட்டார். "நான் வீட்டில் பார்த்தவை கறுப்பு" என்றார். "அப்படியானால் கறுப்புச் சாயம் பூசி விற்றிருக்கிறார்கள், அது இப்போது கழன்றுவிட்டது. பாவம், அந்த மனிதரை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள்" என்று சொல்லி, டொக்டர் பெட்டியின் கண்ணாடியைத் திறந்து அந்த நீள அட்டையில் கை வைத்தார். "இதை எடுத்துவிடுவோம், அவர் பெயருக்கும் அதுதான் நல்லது."

அக்கா, அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. அழுக்கு என்று நான் உரஞ்சி எடுத்தது அழுக்கு இல்லை. அதுதான் அந்தக் காசுகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், என் வீடு சுத்தமான வீடு, நான் மானமுள்ள பெண், என் கணவர் மட்டும் தபாலில் வந்த போலிகளை வாங்கிச் சேர்த்த ஒரு ஏமாளி. அவர் பெயர் அட்டையோடு சேர்ந்து குப்பைக்குப் போகும். வாயைத் திறந்தால், எண்ணூறு வருடம் தப்பி வந்த சாமான்களை ஒரு பின்னேரத்தில் பற்பசை போட்டுக் கெடுத்தவள் என்று மண்டபம் முழுவதும் அறியும். சுபானி வழியாக நல்லூர் வரைக்கும் அறியும். டொக்டரின் கையில் அட்டை வளைந்தது. நான் பாடசாலையில் செய்யுள் ஒப்பிக்கும்போது நிற்பது போல இரண்டு குதிகளையும் சேர்த்து நின்று, நல்ல ஜேர்மனில், வினைச்சொல்லைச் சரியான இடத்தில் வைத்து, "அட்டையைக் கீழே வையுங்கள். நான்தான் கழுவினேன். எல்லாவற்றையும். இரண்டு தரம்" என்றேன்.

"எதனால்?" என்றார் டொக்டர். புளிக்கு ஜேர்மன் சொல் அந்த நேரம் பார்த்து எனக்கு வரவில்லை. சுபானி என் சேலையை இழுத்து, "அன்ரி, கனக்கக் கதைக்காதேங்கோ, கள்ளக்காசுக் கேஸ் எண்டு பொலிஸ் வரும்" என்றாள். "வரட்டும், நான் பாவசங்கீர்த்தனம் செய்யிறன் எண்டு நினைச்சுக்கொள்ளும்" என்றேன். அப்போது அந்தப் பெண் ஒன்று செய்தாள், அதை நான் நேர்மையாக எழுத வேண்டும். தொலைபேசியைக் கீழே வைத்தாள். இங்கே படித்து வளர்ந்த பிள்ளைகளின் வேகத்தில் டொக்டருக்குப் புளியை விளங்கப்படுத்தினாள்: "எங்கட ஆக்கள் கறுத்த எதையும் இதாலைதான் தேய்க்கிறவை. என்ரை மாமி போன வருசம் என்ரை காரின்ரை வீல் கப்பையே தேய்ச்சுப்போட்டா." அவளுக்குச் சுருதி இல்லை, ஆனால் மனம் இருக்கிறது. பிறிங்மான் எழுந்து வந்து தாடிக்காரரை எடுத்து மூக்கருகே வைத்து மணந்து பார்த்து, "புதினா" என்றார். அது பற்பசை.

டொக்டர் ஃபோகல் நியாயமான பெண். "கழுவியது நம்பத்தக்கதுதான். ஆனால் கழுவும்போது போன கறுப்பு காலத்தின் கறுப்பா, கடைக்காரரின் கறுப்பா என்று நான் இனி எப்படிச் சொல்வது? கழுவாத காசு ஒன்றாவது இருந்தால் பார்க்கலாம்" என்றார். மண்டபமே என்னைப் பார்த்தது. வெளியே குதிரை கனைத்தது. நான் கைப்பையைத் திறந்து, கண்ணாடிக் கூட்டையும் முழங்கால் தைலத்தையும் விலக்கி, அந்தச் செபமாலைப் பையை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் அவருடைய கைக்கடிகாரத்தோடும் பல் செட்டோடும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு எனக்குத் தந்தார்களே, அதே பை. அன்றிலிருந்து என் கைப்பையில்தான் இருக்கிறது. டொக்டர் அந்தக் கறுத்த காசைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, திருப்பி, மறுபடி திருப்பிப் பார்த்தார். அவருடைய முகம் இளகியது. "இது காலத்தின் கறுப்பு. பல தலைமுறையின் கறுப்பு" என்றார். இப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் செபமாலைப் பையில் வைத்திருந்தவர் போலிகளைச் சேர்த்திருக்க மாட்டார் என்றும் சொன்னார். அட்டையை அவரே நிமிர்த்தி வைத்தார். கறுத்த காசை அட்டைக்கு நேர் கீழே, நடுவில், விளக்கு வெளிச்சம் படும்படி வைத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். தன் விளக்கு நசுங்கிய பிள்ளை மட்டும் அழுதது; பிறிங்மான் புது விளக்கு வாங்கிக் கொடுத்தார்.

கழுவிய காசுகளுக்குப் பக்கத்தில் டொக்டர் தன் கையெழுத்தில் ஒரு சிறு துண்டு எழுதி வைத்திருக்கிறார். அதில் ஜேர்மனில் ஒரே ஒரு சொல்: "சுத்தம் செய்யப்பட்டது." அது எச்சரிக்கைக் குறிப்பு என்று அனுஜன் தொலைபேசியில் சொல்கிறான். இருக்கட்டும். இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். மாடிப்படி கழுவும் முறை எனக்கு வரும் கிழமைகளில் நான் கழுவிய படியை அயலவர்கள் மறுபடி கழுவியிருக்கிறார்கள். ஒரு ஜேர்மன்காரர், அதுவும் ஒரு டொக்டர், என் கைவேலையைப் பார்த்துச் சுத்தம் என்று எழுத்தில் தந்தது இதுதான் முதல் தடவை.

ஆகவே சுபானியின் பெரியம்மா வந்தால், ஜசிந்தா ஒன்றையும் கெடுக்கவில்லை, நித்தியானந்தன் ஏமாறவில்லை, அவருடைய கறுத்த காசு ஒரு நிபுணர் வாயால் உண்மை என்று நிரூபிக்கப்பட்டு மண்டபத்தின் நடுவில் இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவருடைய ஆண்டுப் பூசையன்று உங்கள் சிற்றாலயத்திலும் அவர் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். முழுப் பெயர். மதருக்கு என் வணக்கம். உங்கள் இரத்த அழுத்தக் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன் போடுகிறீர்களா, பின் போடுகிறீர்களா என்று சென்ற முறையும் கேட்டேன், பதில் இல்லை. எனக்காகச் செபியுங்கள், என் முழங்காலுக்காகத் தனியாகச் செபியுங்கள். அன்னை மரியாள் உங்களைத் தன் நீலப் போர்வைக்குள் முழுதாக, பாதி வெட்டாமல், மூடிக் காப்பாளாக.

என்றும் உங்கள் கீழ்ப்படிவுள்ள (மேலே சொன்னவை நீங்கலாக) தங்கை,
ஜசிந்தா நித்தியானந்தன்.

பி.கு.: சனிக்கிழமை. ஒட்டிய உறையை ஆவியில் காட்டிப் பிரித்து எழுதுகிறேன். காலையில் ஹெர் பிறிங்மான் வந்தார். டெர்மின் இல்லாமல் வந்தார். அதிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். கறுத்த காசைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நேற்று அதன் மறுபக்கத்தைக் காட்டி வைக்கலாம் என்று யன்னலடிக்கு எடுத்துப் போனாராம். பகல் வெளிச்சத்தில் அதன் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு தெரிந்ததாம். அச்சில் வார்த்து, இரண்டு பாதியைச் சேர்த்த கோடு. சுற்றுலாக்காரருக்கு விற்கச் செய்த சாமான், என் கலியாணச் சேலையைவிடப் புதிது. பல தலைமுறையின் கறுப்பு என்று டொக்டர் சொன்னது நித்தியானந்தனின் பெருவிரல் கறுப்பு. கோடு அதற்குள்தான் ஒளிந்திருந்தது. அழுக்கு எதையும் ஒளிக்கும் என்று நான் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தேனே! அந்தக் கோட்டைக் கண்ட சந்தேகத்தில் பிறிங்மான் நான் கழுவியவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருக்கிறார். இப்போது ஒளிக்க ஒன்றுமில்லாதபடியால் அந்தக் காலத்தில் கையால் அடித்த காசுக்கே உரிய சுத்தியல் அடி, விளிம்பு வெடிப்பு எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம். தாடி போனவர் உட்பட அத்தனையும் அசல். சாமிமார் ஏமாற்றவில்லை அக்கா, குடைக்காரர்தான் ஏமாற்றினார்.

டொக்டருக்கு அவர் இன்னும் சொல்லவில்லை. "அட்டையை மாற்றவா?" என்று என்னிடம் கேட்டார். அட்டையில் அவருடைய முழுப் பெயரும், அவர் சேர்த்தவை என்பதும் தவிர வேறொன்றும் எழுதவில்லை. அதில் பொய் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். டொக்டருக்கு உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் காசு நடுவில் இருக்க வேண்டும் என்றேன். அவர் நான்காவது பற்றீஸை வேண்டாம் என்று சொல்லிச் சாப்பிட்டபடி, "இது போலிதானே, நீங்கள் விரும்பினால் இதையும் கழுவலாம், ஒரு நட்டமும் இல்லை" என்றார்.

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நம் வழக்கத்தை இப்போது படித்துவிட்டார் போலிருக்கிறது. உண்மையாகவா என்று கேட்டார். இரண்டாம் தரமும் கேட்டார். மூன்றாம் தரம் கேட்டபோது நான் காசை அவர் கையிலிருந்து வாங்கி, பெருவிரல் பட்ட பக்கம் மேலே இருக்கும்படி பைக்குள் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

புளி முடிந்துவிட்டதென்று மேலே எழுதியிருக்கிறேன். அதை வெட்டிவிடுங்கள். போத்தலில் பாதிக்கு மேல் இருக்கிறது.